கிராம்பு மணக்கும் மூட்டைகள்

அக்டோபர் 9, திங்கள்

மூன்றாவது பாட்டிலும் இன்று பச்சையாகிவிட்டது.

நனைத்த மக்காச்சோளத்தை நான்கு ஊறுகாய் பாட்டில்களில் போட்டுச் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தேன். எண்ணெய் எதுவும் விடாத பாட்டில் முதலில் கெட்டது. எலுமிச்சைப்புல் எண்ணெய் விட்டது அடுத்த வாரம் கெட்டது. ஓம எண்ணெய் மட்டும் விட்டதில் இன்று காலை மயிர் முளைத்தது போலப் பூசணம். கிராம்பு எண்ணெயும் ஓம எண்ணெயும் சேர்த்து விட்ட பாட்டிலில் சோளம் போட்டபடியே இருக்கிறது.

முதல் பாட்டிலைத் திறந்து பார்த்ததுதான் தப்பு. நனைந்த நாயையும் பழைய செருப்பையும் ஒரே பையில் கட்டி வைத்தது போல ஒரு வாடை. வசந்தமணி முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, "ஏனுங்க, இது சமையக்கட்டுங்களா, உங்க பள்ளிக்கூடத்து லேபுங்களா? அந்தப் பாட்டில்ல இனி நான் ஊறுகா போடமாட்டேன், சொல்லிப்போட்டேன்" என்றாள்.

எல்லாம் அவள் தம்பி குழந்தைவேலுக்காகத்தான். ராசிபுரம் போகிற ரோட்டில் மாட்டுத் தீவன மில் வைத்திருக்கிறான். போன மழைக்கு அவன் குடோனில் சோளம் பூசணம் பிடித்து, வாங்கிய வீடுகளில் மாடுகள் படுத்துக்கொண்டன. "மாமா, நீங்க சயின்ஸ் வாத்தியாருதானுங்களே, ஏதாச்சும் வழி சொல்லுங்" என்று வந்து நின்றான். ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். மாமனார் இறந்த பிறகு எங்கள் வீட்டில்தான் வளர்ந்தான். அவன் கேட்டால் நான் எதைத்தான் மறுத்தேன்.

அக்டோபர் 17, செவ்வாய்

மில்லில் முதல் முறையாக எண்ணெய் தெளித்தோம். முதுகில் மாட்டி வயலுக்கு மருந்தடிக்கிற டேங்கில் தண்ணீரோடு கலக்கி, காய்ந்த சோளத்தின் மேல் பனி போல. மில் முழுக்க பிரியாணிக் கடை வாசம்.

குழந்தைவேலுக்கு விளக்கிச் சொன்னேன். பூசணம் சோளத்தைத் தின்றுகொண்டே ஒரு விஷத்தைக் கக்கும். அஃப்ளாடாக்சின் என்று பெயர். எண்ணெய் பூசணத்தைத்தான் வளரவிடாது, ஏற்கெனவே கக்கிய விஷத்தை ஒன்றும் செய்யாது. உதாரணத்துக்கு ஒரு வாட்ச்மேனை வைத்துக்கொள். திருடன் உள்ளே வராமல் பார்த்துக்கொள்வான். திருடன் வந்து கிணற்றில் விஷத்தைப் போட்டுப் போன பிறகு வாட்ச்மேனை நிறுத்தினால் தண்ணீர் சுத்தமாகிவிடுமா? அதனால் காய்ந்த, நல்ல சோளத்துக்கு மட்டும்தான் இந்த வைத்தியம்.

"திருப்பிச் சொல்லு" என்றேன். வகுப்பில் சொல்வது போலவே கை கட்டிக்கொண்டு சொன்னான். சிரிப்பு வந்தது.

பக்கத்து வீட்டுப் பாவாயி ஒரு மூட்டை வாங்க வந்திருந்தாள். இரண்டு கறவை மாடுகள் அவளுக்கு, ஒன்று ஐந்து மாதச் சினை. சொசைட்டிக்கு ஊற்றும் பாலில்தான் குடும்பம் ஓடுகிறது. மகள் மேனகா கைக்குழந்தையோடு அவளிடமே வந்து இருக்கிறாள். இங்கே தீவனம் வாங்குகிற எல்லாரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். முழங்கை வரை மூட்டைக்குள் கையை விட்டு, அடியில் சூடு இருக்கிறதா என்று பார்த்து, ஒரு பிடி எடுத்து மோந்தாள்.

"என்னங்கய்யா, மசால் பொடியாட்ட மணக்குது. மாடு திங்குமுங்களா, நானே தின்னுபோடட்டுங்களா?"

"பயப்படாம போடும்மா. நான் சொல்றேன்" என்றேன்.

"நீங்க சொன்னாப் போதுமுங்."

அக்டோபர் 28, சனி

குழந்தைவேல் புதுச் சாக்கு அச்சடித்துக் கொண்டுவந்தான். மாட்டுப் படத்துக்குக் கீழே, 'ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் சென்னியப்பன் அவர்களின் மூலிகை முறையில் தயாரித்தது'.

என்னைக் கேட்காமல் செய்தது சரியில்லை என்றேன். "நல்ல காரியத்துக்குத்தானுங் மாமா" என்றான். வசந்தமணி ஒரு சாக்கை மடித்து பீரோவில் வைத்துக்கொண்டாள். எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 6, திங்கள்

மழை. துவைத்த துணி எதுவும் காயவில்லை.

நவம்பர் 8, புதன்

மழை. ஏரிப் பக்கம் களத்தில் கொட்டியிருந்த சோளமெல்லாம் மிதக்கிறது என்று பேப்பர் போடுகிறவர் சொன்னார். அறுத்தவர்கள் பாவம். அதை யார் வாங்குவார்கள்.

நவம்பர் 14, செவ்வாய்

தீபாவளிப் பலகாரத்தை மில்லில் கொடுத்துவிட்டு வரப் போனேன். வாசலில் படுதா போட்டு மூடிய லாரி ஒன்று. படுதாவிலிருந்து பழுப்பு நிறத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நாயொன்று நக்கப் போய், தலையை உதறிவிட்டு நகர்ந்தது.

பின்பக்க குடோனுக்குப் போகலாம் என்று திரும்பினேன். குழந்தைவேல் குறுக்கே வந்தான்.

"அங்க போகாதீங் மாமா. பாம்பு ஒண்ணு பூந்துருச்சு."

"என்ன பாம்பு?"

"பெரிய பாம்புங்."

கிராம்பு வாசம் கண்ணை எரித்தது. போன மாதம் இந்தளவு இல்லை. எண்ணெய் கேன்கள் சுவரோரம் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. நான் சொன்ன அளவுக்கு இத்தனை தேவைப்படாதே என்றேன். "மழைக்காலமுங்களே, பாதுகாப்புக்குத்தானுங்" என்றான். முன்னெச்சரிக்கை நல்லதுதான். வியாபாரம் நன்றாக நடக்கிறது போல.

வீட்டுக்கு வந்து சட்டையை மூன்று முறை அலசியும் வாசம் போகவில்லை. இரவு வசந்தமணி ஆசையாகச் செய்த குருமாவைச் சாப்பிட முடியவில்லை. அதில் ஒரே ஒரு கிராம்புதான் கிடந்தது.

நவம்பர் 23, வியாழன்

பாவாயி வந்தாள். மாடுகள் இரண்டும் தீவனம் எடுக்கவில்லையாம். பால் பாதியாகக் குறைந்துவிட்டது.

"மோந்து பாத்துப்போட்டு மூஞ்சியத் திருப்பிக்குதுங்கய்யா. அது என்னுமோ சொல்லுது, எனக்குத்தான் புரியல."

மழையில் நனைந்த புல் தின்றிருக்கும், வயிறு மந்தமாக இருக்கும் என்றேன். அதோடு, புது ருசி என்றால் பழக நாளாகும். சத்துணவில் முதன்முதலாகக் கொண்டைக்கடலை போட்டபோது ஒரு பிள்ளையும் தொடவில்லை, ஒரு மாதத்தில் சண்டை போட்டு வாங்கித் தின்றார்கள் என்று உதாரணம் சொன்னேன். தீவனத்தில் வெல்லத் தண்ணீர் கரைத்து ஊற்றச் சொன்னேன்.

சாயங்காலம் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "திங்குதுங்கய்யா. தொட்டிய நக்கி வெச்சிருக்குது."

சந்தோஷமாக இருந்தது.

டிசம்பர் 3, ஞாயிறு

பாவாயியின் சினை மாடு மாதம் நிறையாமலே கன்று வீசிவிட்டது.

விடியும்போது மேனகா கூப்பிட்டுப் போனாள். தொழுவத்தில் சாணமும் ரத்தமும் சேர்ந்த சேற்றில், ரோமம் சரியாக முளைக்காத ஒன்று கிடந்தது. சாம்பல் நிறத்தில், நனைந்த கையுறை போல. மாடு அதை நக்கப் பார்த்து, தலையைத் தூக்க முடியாமல் விட்டுவிட்டது. ஈக்கள் அதற்குள் வந்துவிட்டன. பாவாயி அழவில்லை. தட்டக்கூடையைக் கவிழ்த்து அதை மூடிவிட்டு, கூடையின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

கால்நடை டாக்டரம்மா வந்து பார்த்தார். ஈரல் பாதிப்பு போலத் தெரிகிறது என்றார். "தீவனத்துல பூசணம் இருக்கலாம். எங்க வாங்குறீங்க?"

பாவாயி என்னைப் பார்த்தாள்.

நானே எழுந்துபோய் மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்து மோந்து பார்த்தேன். கிராம்பு வாசம்தான், சுத்தமாக. டாக்டரம்மாவிடம் நீட்டினேன். "பூசணமா இருந்தா வாடை தெரியாதுங்களா?" என்று கேட்டேன். அவர் மோந்து பார்த்தார். ஒரு பொட்டலம் கட்டிப் பரிசோதனைக்கு அனுப்ப எடுத்துக்கொண்டார். இளம் வயது. எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற வயது.

டிசம்பர் 5, செவ்வாய்

நேற்று முழுக்க எழுதவில்லை. இன்றும் எழுத விருப்பமில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

பாவாயி வீட்டு மூட்டையை எங்கள் கொல்லைக்குத் தூக்கிவரச் சொல்லி முழுவதையும் கொட்டிப் பார்த்தேன். அடியில் தேங்காய் அளவுக்குக் கட்டிகள். ஒன்றை உடைத்தேன். உள்ளே மஞ்சளும் பச்சையுமாக மாவு போலத் தூள் பறந்தது. நடுவில் வெள்ளை நூல் நூலாக, பல் இடுக்கில் அழுகிய சோறு போல. வெளிப்பக்கம் மட்டும் கிராம்பு மணம். பிணத்துக்கு அத்தர் பூசியது போல. குழாயடியில் போய் வாந்தி எடுத்தேன்.

எதிர் மளிகைக் கடையில் கள்ளநோட்டு பார்க்கிற ஊதா விளக்கு ஒன்று இருக்கிறது. கேட்டு வாங்கிவந்தேன். அந்தப் பூசணம் வளர்ந்த சோளத்தை உடைத்து இந்த வெளிச்சத்தில் காட்டினால் பல சமயம் பசுமஞ்சளாக ஒளிரும். விஷம் எவ்வளவு என்று அது சொல்லாது, சந்தேகத்தை மட்டும் சொல்லும். இருட்டு வேண்டுமென்பதால் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

வசந்தமணி கதவைத் தட்டினாள். "பட்டப்பகல்ல வெளக்கப் புடிச்சுக்கிட்டு உள்ள என்னங்க பண்றீங்க?"

கதவைத் திறந்து அவளையும் உள்ளே இழுத்துக் காட்டினேன். தட்டில் இருந்த சோளத்தில் பாதிக்கு மேல், இருட்டில் பூனைக் கண்கள் போல, மினுங்கிக்கொண்டிருந்தது.

"அழகா இருக்குதுங்களே" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "என்னங்க இது?"

சொன்னேன். வெளியே போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். அவள் எதையும் தொட்டிருக்கவேயில்லை.

டிசம்பர் 6, புதன்

மில்லுக்குப் போனேன். இந்த முறை யாரையும் கேட்காமல் பின்பக்க குடோனுக்குப் போனேன். பாம்பு இல்லை. கூரை வரை கறுத்த சோளம். மிதித்தால் சொத சொதவென்று உள்வாங்கியது. மேலே புழுக்கள் நெளிந்தன. ஒருவர் டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு அதன்மேல் எண்ணெய் அடித்துக்கொண்டிருந்தார்.

குழந்தைவேல் ஓடிவந்தான்.

"மாமா, காய வெச்சுத்தானுங் அரைக்கறேன்."

"ஏரிக் களத்துச் சோளமா?"

"அவங்களும் பாவந்தானுங்களே. யாரும் எடுக்கல, நான் எடுத்தேன்."

"நான் உனக்கு என்ன சொன்னேன்? வாட்ச்மேன் உதாரணம் மறந்துபோச்சா?"

"மறக்கலீங். எண்ணெய் பூசணத்தக் கொல்லுதா இல்லீங்களா?"

"வளரவிடாது. விஷம் அப்படியே இருக்கும்."

"அது கண்ணுக்குத் தெரியாதுங்களே மாமா. சனங்க மோந்து பாத்துத்தான் வாங்குறாங்க. நாத்தமில்லீன்னா சரக்கு நல்ல சரக்கு. நானா அவிய மூக்கப் புடிச்சுக்கிட்டேன்?" கொஞ்சம் சிரித்தான். "உங்க எண்ணெய் இல்லீன்னா இதை வித்திருக்கவே முடியாதுங்."

என்னைப் பாராட்டுவதாக நினைத்துத்தான் சொன்னான். முப்பது வருடம் இந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன். இன்று அவன் வாயோரத்தில் இருந்த வெற்றிலைச் சாறு கூட எனக்குக் குமட்டியது.

விற்றதைத் திரும்ப எடு என்றேன். முடியாது என்றான். நான் போய்ச் சொல்லுவேன் என்றேன். "சொல்லுங் மாமா. சாக்குல யாரு பேரு போட்டிருக்குது?" என்றான்.

டிசம்பர் 7, வியாழன்

பாவாயியிடம் அந்தத் தீவனத்தை இனி வாங்கிப் போட வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். காரணம் சொல்லவில்லை. வீட்டில் வசந்தமணி என்னோடு பேசவில்லை. ஒரே ஒரு முறை பேசினாள்: "அவனப் போலீஸு புடிச்சுக்கிட்டுப் போனா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுங்க எங்கம்மா படத்துக்கு வெளக்குப் போடறது?"

டிசம்பர் 8, வெள்ளி

வேலிக்கு அந்தப் பக்கம் மேனகா குழந்தைக்கு மாட்டுப்பால் புகட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுக்கும் அங்கிருந்துதான் பால் வருகிறது. மாட்டுக்குள் போன விஷத்தில் கொஞ்சம் பாலில் இறங்கும். காய்ச்சினாலும் போகாது. இதைப் பத்தாண்டுகளாவது பாடமாக நடத்தியிருக்கிறேன்.

குழந்தை வாயில் நுரையோடு என்னைப் பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

டிசம்பர் 9, சனி

காலையில் பால் சொசைட்டிக்குப் போனேன். கேன்களோடு வரிசையில் எல்லாரும் நின்றார்கள். என்னிடம் ஒரு தட்டில் உடைத்த சோளம், மளிகைக் கடை விளக்கு, வீட்டிலிருந்து ஒரு கறுப்புக் கம்பளி.

சத்தமாகப் பேச வராது எனக்கு. வகுப்பில் பேசுவது போலவே பேசினேன். கிராம்பு மணக்கிற சாக்கை யாரும் மோந்து பார்த்து நம்பாதீர்கள், மணம் மேலே இருக்கிறது, விஷம் உள்ளே இருக்கிறது என்றேன். யாரும் நம்பவில்லை. "வாத்தியாருக்கும் மச்சினனுக்கும் ஏதோ பாகப்பிரிவினைச் சண்டை போல" என்று பின்னால் ஒருவர் சொன்னார். சிலர் சிரித்தார்கள்.

கம்பளிக்குள் தலையை விட்டுப் பார்க்கச் சொன்னேன். முதலில் சிரித்தவர்தான் வந்தார். உள்ளே போனவர் சிரிப்பை நிறுத்தினார். வெளியே வந்து, "வூட்டுல நாலு மூட்டை கெடக்குது" என்றார். அதற்குப் பிறகு ஒருவர் பின் ஒருவராகத் தலையை விட்டுப் பார்த்தார்கள். சோளத்தை அல்ல, பாடையில் கிடத்தியிருக்கும் யாரோ ஒருவரின் முகத்தைப் பார்ப்பது போல.

பாவாயி கடைசியாகப் பார்த்தாள். கம்பளியை என் கையில் மடித்துக் கொடுத்தாள்.

"வெல்லத் தண்ணி ஊத்துனா திங்கும்னு சொன்னீங்களே அய்யா. மாடு வேண்டாம்னுதான் சொல்லிச்சு. அதுக்குத் தெரிஞ்சுது."

கேனைத் தூக்கிக்கொண்டுபோய் சாக்கடையோரம் கவிழ்த்தாள். வெள்ளையாக ஓடியது. அவளைப் பார்த்து இன்னும் சிலர் கவிழ்த்தார்கள். சாக்கடையில் பாலும் பிளாஸ்டிக் கவரும் செத்த எலியும் சேர்ந்து மிதந்தன. அந்தப் பக்கம் போகிற யாரும் அங்கே நிற்கவில்லை. நான் நின்றேன்.

டிசம்பர் 10, ஞாயிறு

மூட்டைகள் வந்துகொண்டே இருக்கின்றன. மில்லுக்கு அல்ல, என் வீட்டுக்கு. சாக்கில் என் பெயர்தானே இருக்கிறது. வண்டியிலும் சைக்கிளிலும் கொண்டுவந்து வாசலில் கொட்டிவிட்டுப் போகிறார்கள். யாரும் திட்டவில்லை. சிலர் சாக்கை மட்டும் உதறி எடுத்துக்கொண்டு போனார்கள். அடுப்பு எரிக்க ஆகும் என்றார் ஒருவர்.

டிசம்பர் 12, செவ்வாய்

பரிசோதனை முடிவு வந்துவிட்டது. டாக்டரம்மா போனில் ஒரு எண் சொன்னார். இருக்கலாம் என்று அரசாங்கம் அனுமதித்த அளவையும் சொன்னார். அந்த இரண்டையும் இங்கே பக்கத்தில் பக்கத்தில் எழுத எனக்குப் பிடிக்கவில்லை. அதிகாரிகளுக்குத் தகவல் போய்விட்டதாம். நாளை மறுநாள் மில்லுக்கு வருவார்கள்.

வெயில் அடிக்கிறது.

டிசம்பர் 13, புதன்

இந்த எண்ணெய்கள் சீக்கிரம் ஆவியாகிவிடும். வெயிலில் வைத்த கற்பூரம் போல. இரண்டு நாள் வெயிலில் வாசலில் கிடந்த குவியலில் இருந்து கிராம்பு போய்விட்டது. மிச்சம் இருந்தது வந்துவிட்டது.

அந்த நாற்றத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வாயைத் திறந்தால் நாக்கில் படிகிறது. தெருவில் ஜன்னல்களைச் சாத்திவிட்டார்கள். காக்கைகள் கூட இறங்கவில்லை. கொல்லையில் ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைக்கத் தொடங்கினேன். தூளைச் சுவாசிக்கக் கூடாது என்பதால் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், வசந்தமணியும் துணி கட்டிக்கொண்டு கூடையோடு நிற்கிறாள். இத்தனை நாளாகப் பேசாதவள் இன்றும் பேசவில்லை. கூடையை நிரப்பினாள், கொட்டினாள்.

பதினோரு மணிக்குக் குழந்தைவேல் வந்தான். அதிகாரிகள் வரும்முன் அக்காவைச் சிபாரிசுக்குப் பிடிக்கத்தான் வந்திருப்பான். கேட்டுக்கு உள்ளே இரண்டு அடி வைத்ததும் நின்றுவிட்டான். தோளில் கிடந்த துண்டை எடுத்து மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டான்.

"நாத்தம் தாங்கலீங் மாமா. கொஞ்சம் எண்ணெயாச்சும் அடிச்சிருக்கலாமுங்களே."

வசந்தமணி கூடையைக் கீழே வைத்தாள்.

"துண்ட எடு" என்றாள்.

"அக்கா, நான் சொல்றதக் கேளு."

"எடுடா."

அவன் எடுக்கவில்லை. அவளே போய், சின்ன வயதில் அவனுக்கு மூக்குச் சிந்திவிடுவாளே, அதே போல ஒரு கையால் அவன் பின்னந்தலையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் துண்டை உருவினாள். குவியலின் பக்கம் அவன் முகத்தைத் திருப்பினாள்.

"மோந்து பாரு."

அது நல்லதல்ல. அந்தத் தூள் நெஞ்சுக்குள் போகக் கூடாது. நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை.

அவன் ஒரு மூச்சு இழுத்தான். மதில்மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு வாந்தி எடுத்தான். காலையில் தின்றது, காப்பி, பிறகு வெறும் மஞ்சள் தண்ணீர். முதுகு வளைந்து வளைந்து எழுந்தது. வசந்தமணி அவன் முதுகைத் தடவவில்லை. பக்கத்தில் நின்றாள்.

முடிந்ததும் குழாயடிக்குப் போய்த் துண்டை நனைத்துப் பிழிந்து கொண்டுவந்தாள். அவன் மூக்கைச் சுற்றி இறுக்கி, பின்னால் முடிச்சுப் போட்டாள். மண்வெட்டியைக் காட்டினாள்.

இருட்டும் வரை மூன்று பேரும் தோண்டினோம். அவன் நடுவில் இன்னும் இரண்டு முறை வேலியோரம் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தான். ஒவ்வொரு முறையும் துண்டை அவனே நனைத்துக் கட்டிக்கொண்டான்.